கொழுவி உடைந்தால் உடனே வெல்டிங்கா?

போன கிழமை மட்டும் உடைந்த கொழுவியோடு மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் பரந்தன் பக்கம். தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, ஈரத் துவாயைக் கண்ணில் பொத்திக்கொண்டு கிளிநொச்சிக்கு என் பட்டறை தேடி வந்தார். மடியில் உடைந்த உடுப்புக் கொழுவி. முதல் நாள் இரவு மெஷினை இரவல் வாங்கி, வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடியோடு வெல்ட் அடித்திருக்கிறார்.

"அண்ணை, கண்ணுக்குள்ளை மணல் அள்ளிப் போட்ட மாதிரிக் கிடக்கு. இதை ஒருக்கா ஒட்டித் தாங்கோ."

கொழுவியை வாங்கி வைத்துவிட்டு ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள்.

அந்தக் கொழுவியை நான்கூட ஒட்டியிருக்க முடியாது. இதைச் சொல்லிச் சொல்லியே வாய் உளைகிறது. வெள்ளையாய்ப் பளபளத்தால் இரும்பு என்று நினைக்கிறீர்கள். கடைகளில் வருகிற சுவர்க் கொழுவிகளில் நிறைய, நாகம் (சிங்க்) சேர்ந்த கலவையை அச்சில் ஊற்றி மேலே மினுக்கம் பூசியவை. இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். நாகம் 420 பாகைக்குள்ளேயே உருகிவிடும். பொறி பட்டதும் கொழுவி ஒட்டாது, வழிந்து ஓடும்.

கண்டுபிடிக்க என்னிடம் வரத் தேவையில்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று போதும். பிடித்தால் இரும்பு. பிடிக்காவிட்டால் உடைந்த வாயைப் பாருங்கள். இரும்புக் கம்பி வளைந்து, இழுபட்டுத்தான் முறியும். நாகக் கலவை வளையாது. பனங்கட்டி உடைந்தது போல மணி மணியாய், சாம்பல் நிறமாய் இருக்கும். கையில் பாரமாகவும் இருக்கும். அதற்கு வெல்ட் இல்லை. பசையும் வேண்டாம், பாரம் தாங்குகிற கழுத்தில் பசை நிற்காது. முறிந்த கொக்கியின் அடியை அராவி, பின்தகட்டில் துளையிட்டு, இரும்புக் கொக்கி ஒன்றை நட், போல்ட் போட்டு இறுக்குங்கள். அரை மணி நேர வேலை.

இரும்பென்றாலும் பூச்சை அராவாமல் சுடாதீர்கள். நாகம் பூசிய இரும்பிலிருந்து எழும் வெள்ளைப் புகையை மூடிய அறைக்குள் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென்று 2016இல் சான்று கிடைத்தது; ஆனாலும் அந்த நடுக்கம் எப்படியிருக்கும் என்று வன்னியில் வயதானவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. குரோம் பூச்சு அதைவிட மோசம். அதை வீட்டில் தொடவே வேண்டாம்.

இன்னொன்று. பல கொழுவிகள் உடைவதற்குக் காரணம் சுவர். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு எழும்பிய வீடுகளில் நிறைய சீமெந்துக் கல் வீடுகள். பூச்சில் மட்டும் ஆணி அடித்து, அதில் ஹெல்மெட், பாடசாலைப் பை, மாரியில் நனைந்த மழைக்கோட்டு எல்லாம் கொழுவினால் ஆணி ஆடும். ஆணி ஆட, தகடு ஒரு பக்கம் சரியும், பாரம் முழுவதும் ஒரே கொக்கிக்குப் போகும். பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் துளையிட்டு, ரோல்பிளக் (திருகாணியை இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் செருகி) வைத்து, திருகாணி போடுங்கள். 6 மில்லிமீற்றர் பிளக்குக்கு 6 மில்லிமீற்றர் துளை. பெரிதாய்த் தோண்டிவிட்டுத் தீக்குச்சி செருகாதீர்கள். சுவிச்சுக்கு நேர் மேலே, நேர் கீழே துளைக்கவே கூடாது, உள்ளே வயர் ஓடும்.

சின்னப் பிள்ளைகள் ஓடுகிற வீடென்றால், கொக்கி முனை அவர்களின் கண் உயரத்தில் நிற்கிறதா என்று ஒரு தடவை குந்தியிருந்து பாருங்கள்.