ஃப்ளூ வைரஸின் கொக்கியும் கத்தரியும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஃப்ளூ மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்கிறார்களே, நாலாம் நாள் ஆரம்பித்தால் என்ன?”

பதில் ஒரு கத்தரியில் இருக்கிறது.

ஃப்ளூ தொற்றும் விதம் தெரிந்ததுதான்: இருமல், தும்மல், துளி, கை, மூக்கு. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்கிவிடுகிறோம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உள்ளே போன வைரஸ் என்ன செய்கிறது? அதன் மேல் இரண்டு வகைப் புரத முட்கள்: ஹீமக்ளூட்டினின், நியூராமினிடேஸ். எச்1என்1 என்ற பெயரிலுள்ள ‘எச்’சும் ‘என்’னும் இவைதான். முதலாவது கொக்கி. மூச்சுப்பாதைச் செல்களின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில் மாட்டிக்கொள்ளும். அந்தச் செல் வைரஸை உள்ளே இழுத்து, ஏமாந்துபோய்ப் பிரதி எடுத்துக் கொடுக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். வெளியே வரும் புது வைரஸ்களுக்கும் கொக்கி இருக்கிறதே! பிறந்த செல்லின் மேலும் அதே சர்க்கரை, வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். தப்பினால் சளி முழுக்க அதே சர்க்கரை. அங்கேதான் கத்தரி வருகிறது. நியூராமினிடேஸ் அந்தச் சர்க்கரையை நறுக்கி நறுக்கி வழி திறக்கிறது. கொக்கி மிஞ்சினால் வைரஸ் நகராது, கத்தரி மிஞ்சினால் ஒட்டாது. இந்த இழுபறியில்தான் அதன் பிழைப்பே ஓடுகிறது.

வாசகர் கேட்ட ஃப்ளூ மாத்திரையான ஒசெல்டாமிவிர் இந்தக் கத்தரியின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. வைரஸைக் கொல்வதில்லை, பிறந்த இடத்திலேயே கட்டிப்போடுகிறது. நாலாம் நாளுக்குள் வைரஸ் பெருகி, பரவி, உச்சம் தாண்டியிருக்கும். அப்புறம் வாசலை அடைத்துப் பெரிய பயன் இல்லை. (நோய் முற்றி மருத்துவமனையில் இருப்பவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பார்கள்.) ஆன்டிபயாடிக்குக்கு இந்த வைரஸிடம் எந்த வேலையும் கிடையாது, கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

கத்தரியின் வடிவத்தை 1983இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து வடிவமைத்த மருந்துகள் 1999இல்தான் சந்தைக்கு வந்தன. பதினாறு வருஷம்! மூன்று வருஷத்தில் பலன் காட்டு என்று கேட்டு நிதி கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தடுப்பூசி குறிவைப்பது பெரும்பாலும் கொக்கியை. கொக்கி வேகமாக உருமாறுவதால் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. வழக்கமான ஊசியில் ரகத்துக்கு 15 மைக்ரோகிராம் கொக்கிப் புரதம் இருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. கத்தரிக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.