சம்பளம் கூடினால் வாடகையும் கூடுமா? அமெரிக்காவின் ஜாப்ஸ் பிளஸ் திட்டம்

அமெரிக்காவின் அரசுக் குடியிருப்புகளில் வாடகை பெரும்பாலும் வருமானத்தைப் பொறுத்தது. சில கழிவுகள் போக, மாத வருமானத்தில் 30 சதவீதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதம் 800 டாலர் சம்பாதிக்கும் ஒரு தாய்க்கு 1,800 டாலர் வேலை கிடைத்தால்? கூடுதலாக வரும் 1,000 டாலரில் சுமார் 300 டாலர் வாடகைக்கே போய்விடும். அப்புறம் பஸ் செலவு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். அவர் தயங்குவதைச் சோம்பேறித்தனம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடி வந்ததுதான் ஜாப்ஸ் பிளஸ். மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட் தரும் மானியத்தில், அரசுக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் உள்ளூர் அமைப்பான ஹவுசிங் அத்தாரிட்டி இதை நடத்துகிறது. மானியம் போட்டி முறையில் கிடைப்பதால் எல்லாக் குடியிருப்பிலும் இருக்காது.

திட்டத்தில் சேர்ந்த நாளில் உங்கள் சம்பளம் எவ்வளவோ, அதற்கு மேல் கூடும் சம்பளம் வாடகைக் கணக்கில் வராது. மேலே சொன்ன தாய் 1,800 டாலர் வாங்கினாலும் 800 டாலருக்கான வாடகையே கட்டுவார். அதனால் புது வேலையில் கால் வைப்பதற்கு முன்பே பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். ஆனால் வருமான மாற்றத்தை அலுவலகத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். இந்தச் சலுகை வாடகைக்கு மட்டும்தான். அரசின் உணவு உதவிக்குக் கூடுதல் சம்பளமும் கணக்கில் வரும்.

இந்த வாடகைச் சலுகை திட்டத்தின் ஒரு அங்கம். இரண்டாவது அங்கம் வேலைக்கான உதவி: வேலைப் பயிற்சி, நேர்காணலுக்குத் தயார் செய்வது, வேலைவாய்ப்பு மையங்களோடு தொடர்பு எல்லாம் இதில் உண்டு. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது அங்கம்: அக்கம்பக்கம். அதே குடியிருப்பில் வாழ்பவர்களையே வழிகாட்டிகளாக நியமிக்கிறார்கள். எந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்கள், எந்த வீட்டில் யாருக்கு வேலை போயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். நோட்டீஸ் ஒட்டினால் வராதவர், எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டி "வாங்க, நானும் கூட வரேன்" என்றால் வருவார்.

1998 முதல் 2003 வரை ஆறு நகரங்களில் இதைச் சோதித்தார்கள். டேடன், லாஸ் ஏஞ்சல்ஸ், செயின்ட் பால் ஆகிய மூன்றில்தான் மூன்று அங்கங்களும் முழுமையாக நடந்தன. அங்கே 2000 முதல் 2006 வரையிலான ஏழு ஆண்டுகளில், திட்டம் இல்லாத ஒப்பீட்டுக் குடியிருப்புகளைவிட, குடியிருப்பாளர்களின் சம்பாத்தியம் சராசரியாக 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. அரைகுறையாக நடந்த இடங்களில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை. திட்டத்தை விரிவாக்க நினைக்கும் நிர்வாகிகள் இதைக் கவனிக்க வேண்டும். பத்துக் குடியிருப்புகளில் பயிற்சி வகுப்பை மட்டும் திறப்பதைவிட, ஒரே குடியிருப்பில் மூன்றையும் சேர்த்து, வேலை செய்யக்கூடிய ஒவ்வொருவரிடமும் கொண்டு சேர்ப்பது மேல்.

மானியக் காலம் முடிந்தால் சலுகையும் முடிந்து, வாடகை பழைய விதிக்குத் திரும்பும். சேரும் அன்றே கடைசித் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின், உங்கள் அத்தாரிட்டியில் குடும்பத் தற்சார்புத் திட்டம் இருந்தால் அதில் சேரலாம். அதில் சேர்ந்த பிறகு சம்பளம் கூடுவதால் கூடும் வாடகைக்கு ஈடான தொகை உங்கள் பெயரில் சேமிப்பாகச் சேரும். சேரும்போது போடும் ஒப்பந்தத்தின் இலக்குகளை முடித்ததும் அது உங்கள் கைக்கு வரும்.