திருகோணமலை மாவட்டத்தில் பொது நூலகச் சேவை: யாருக்கு, எந்த மொழியில், எவ்வாறு

இலங்கையில் பொது நூலகங்களை நடத்துபவை உள்ளூராட்சி மன்றங்களே. மாநகர சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் உரிய கட்டளைச் சட்டங்களும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் அதற்கான அதிகாரத்தை இம்மன்றங்களுக்கு வழங்குகின்றன. கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை நூலகங்களுக்கு வழிகாட்டலும் பயிற்சியும் வழங்குகின்றதே தவிர, உங்கள் ஊர் நூலகத்தை நிர்வகிப்பதில்லை. ஆகவே எந்த நூலகத்தில் உங்களுக்கு அங்கத்துவ உரிமை உண்டு என்பதை அறிய, நீங்கள் எந்த மன்றத்தின் எல்லைக்குள் வசிக்கிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். திருகோணமலை நகருக்குள் இருப்பவர், உப்புவெளியில் ‘பட்டினமும் சூழலும்’ என்ற பெயருடைய பிரதேச சபைக்கு உட்பட்டவர், நிலாவெளியில் குச்சவெளிப் பிரதேச சபைக்கு உட்பட்டவர் ஆகிய மூவரும் நாளாந்தம் ஒரே சந்தைக்கு வந்து போனாலும், மூன்று வெவ்வேறு மன்றங்களைச் சேர்ந்தவர்கள்.

அங்கத்துவம் இல்லாமலேயே பெறக்கூடிய சேவைகள் உள்ளன என்பது பலருக்குத் தெரிவதில்லை. பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் வாசிக்கும் பகுதி பொதுவாக எல்லோருக்கும் திறந்தது. அகராதிகள், கலைக்களஞ்சியங்கள், வர்த்தமானிகள், கடந்தகால வினாத்தாள்கள் முதலியவை உள்ள உசாத்துணைப் பகுதியில், நூல்களை வெளியே கொண்டுசெல்ல முடியாவிட்டாலும், அங்கேயே அமர்ந்து குறிப்பெடுக்கலாம். நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்வதற்கே அங்கத்துவம் வேண்டும். அதற்கான விண்ணப்பப் படிவத்தில் பெரும்பாலும் வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தரின் சான்றும், பிணையாளர் ஒருவரின் கையொப்பமும், தேசிய அடையாள அட்டையின் பிரதியும் கேட்கப்படும். சிறுவர் அங்கத்துவத்துக்குப் பெற்றோரோ பாதுகாவலரோ கையொப்பமிட வேண்டும். கட்டணம், இரவல் காலம், தண்டப்பணம் ஆகியவற்றை ஒவ்வொரு மன்றமும் தானே தீர்மானிப்பதால், அவற்றை உங்கள் நூலகத்திலேயே கேட்டறிவது நல்லது.

மொழி பற்றிய உரிமையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையின்படி சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள். ஆங்கிலம் இணைப்பு மொழி. 22ஆவது உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழியாக இருக்கும் அதேவேளை, அங்கு வாழும் ஒருவர் அலுவலர்களுடன் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ தொடர்பு கொள்ளவும், பதில் பெறவும் உரித்துடையவர். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்தில் தமிழ் பேசுபவருக்கும் இதற்கு இணையான உரிமை உண்டு. எனவே கந்தளாயில் வாழும் தமிழ்ப் பிள்ளையின் தாய் தமிழிலும், திருகோணமலை நகரில் வாழும் சிங்கள ஓய்வூதியர் சிங்களத்திலும் நூலக அலுவலரிடம் தம் காரியத்தை முடித்துக்கொள்ளக் கேட்பது சலுகை அல்ல, சட்டம் தந்த உரித்து.

எனினும் படிவமும் பெயர்ப்பலகையும் இரு மொழிகளில் இருப்பது மட்டும் போதாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் இம்மாவட்டத்தில், நூலகம் உண்மையில் இருமொழி நூலகமா என்பதை அதன் அலுமாரிகளே காட்டும். சிறுவர் பகுதியில் படங்களுடன் கூடிய தமிழ்க் கதைநூல்களுக்குப் பக்கத்தில் சிங்களக் கதைநூல்களும் இருந்தால், பாடசாலையில் இரண்டாம் மொழியாக மற்ற மொழியைக் கற்கும் பிள்ளைக்கு, பாடநூலுக்கு அப்பாலும் அம்மொழி உண்டு என்பது விளங்கும். பெரியவர்களுக்கும் இதே தேவை உண்டு. 2007 யூலை 1ஆம் திகதிக்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்றைய அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற விதி இருப்பதால், இளம் ஆசிரியரும் எழுதுவினைஞரும் மொழிப் பயிற்சி நூல்களைத் தேடி நூலகத்துக்கு வருவது இயல்பே. இத்தகைய நூல்கள் இல்லையெனில், நூல் கொள்வனவுக்கு முன்னர் நூலகரிடம் எழுத்தில் பரிந்துரை கொடுக்கலாம். மன்றத்தின் வருடாந்த வரவு செலவுத் திட்டம் தயாரிக்கப்படும் காலத்தில், உங்கள் வட்டார உறுப்பினரிடமும் இதை வலியுறுத்துங்கள். வாய்மொழியாகக் கேட்டதைவிட எழுதிக் கொடுத்த கோரிக்கைக்கே எங்கும் வலு அதிகம்.

ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகிறது. நூற்கண்காட்சி, கதை சொல்லல், கட்டுரைப் போட்டி போன்றவற்றை நூலகங்கள் பெரும்பாலும் அம்மாதத்தில்தான் நடத்துகின்றன. பாடசாலை செல்லாத சிறு பிள்ளைகளுக்கும் முதியோருக்குமான நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதியோர் விடயத்தில் பெரிய எழுத்து நூல்களும், படியேறாமல் உள்நுழையும் வசதியும் முக்கியமானவை. மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டடங்களை அணுகும் வசதி குறித்து 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் உள்ளன. நூலகக் கட்டடங்களும் பொதுக் கட்டடங்களே என்பதால், சாய்தளம் இல்லாத இடங்களில் அவற்றைச் சுட்டிக் கேட்கலாம். தொலைவில், வெருகல் போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கு, 2005இல் தொடங்கப்பட்ட, ‘நூலகம்’ என்ற பெயருடைய எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. ஆனால் கைப்பேசியும் தரவும் இல்லாத வீட்டுக்கு அது நூலகத்தின் மாற்றீடு ஆகாது.

சேவை மறுக்கப்பட்டால், முதலில் நூலகரிடமும், பின்னர் மன்றத்தின் செயலாளரிடமோ ஆணையாளரிடமோ எழுத்தில் முறையிடுங்கள். மொழி உரிமை மீறப்பட்டதாயின், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். கடந்த ஆண்டு எந்த மொழியில் எத்தனை நூல்கள் வாங்கப்பட்டன, அதற்கு எவ்வளவு செலவிடப்பட்டது என்பன போன்ற விவரங்களை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மன்றத்தின் தகவல் அலுவலரிடம் காரணம் கூறாமலே கேட்கலாம். கோரிக்கை பற்றிய தீர்மானத்தை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தகவல் தர மறுத்தால், அதே மன்றத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம்.