முகத்தில் கட்டும் துண்டு கல் தூசியைத் தடுக்காது

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் கட்டட வேலையில் ஹெல்மெட் ஓரளவு வந்துவிட்டது. பெரிய சைட்டுகளில் உயரத்தில் ஏறுகிறவர்கள் பெல்ட்டும் போடுகிறார்கள். விழுந்தால் உயிர் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். நுரையீரல் மருத்துவராக என்னை உறுத்துவது கல் தூசி. கிரானைட், டைல்ஸ் அறுப்பவர்கள், ஒயரிங்குக்காகச் சுவரில் காடி வெட்டுபவர்கள், பின்னாலேயே பெருக்கி அள்ளும் சித்தாள்கள் எனப் பலரும் சொல்வது இதுதான்: "துண்டு கட்டிக்கிட்டுத்தான் டாக்டர் வேலை செய்யறேன்."

கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் துண்டு பிடிக்கும். கல்லில் உள்ள சிலிக்கா என்ற தாதுவின், தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள் உள்ளே போய்விடும். அதுதான் நுரையீரலின் அடிவரை இறங்கித் தழும்பாக்குகிறது. இந்த நோய்க்குப் பெயர் சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகே மூச்சு வாங்கத் தொடங்கும். தூசி மிக அதிகமானால் சில ஆண்டுகளிலேயே. தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. காசநோயும் எளிதில் வரும். எக்ஸ்ரேயில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும், கேட்காவிட்டாலும், கல் அறுக்கிற வேலை என்று சொல்லிவிடுங்கள்.

சமையல் மேடைக்கு இப்போது விரும்பிப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை இன்னும் மோசம். அதில் 90 சதவீதத்துக்கு மேல்கூட சிலிக்கா இருக்கும். அறுத்தவர்களுக்கு வந்த நோயைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது.

மாஸ்க்குக்கு முன் தண்ணீர். பிளேடில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி பெருமளவு அடங்கிவிடும். ஷாக் அடிக்குமே என்ற பயம் நியாயமானது. சாதாரண கட்டரில் பாட்டிலால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர்க் குழாயோடு வரும் மெஷினை வாங்கி, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் உள்ள இணைப்பில் ஓட்டுங்கள்.

அதன்மேல் என்95 மாஸ்க். ஒரு பட்டை உச்சந்தலைக்கு, இன்னொன்று பிடரிக்கு. மூக்குக் கம்பியை அழுத்திவிட வேண்டும். தாடி இருந்தால் ஓரமாகக் காற்று புகும், மழித்தே ஆகவேண்டும். மூச்சிழுக்கக் கடினமானாலோ வியர்வையில் ஊறினாலோ மாற்றிவிடுங்கள். ஆஸ்பத்திரிகளில் போடும் நீல மாஸ்க் இதற்கு உதவாது. பாதுகாப்புச் சாதனம் தரவேண்டியது வேலை கொடுப்பவரின் சட்டக் கடமை, கூலியில் பிடிக்கக் கூடாது. வீடு கட்டுகிறவர்களே மேஸ்திரியிடம் இதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கச் சொல்லலாம்.

பெருக்கும்போதும் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள். வேலைச் சட்டையை வீட்டில் உதறாமல் தனியாக ஊறவைத்துத் துவையுங்கள். அந்தத் தூசியைப் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள்.