தோலெலும்பு

புளியரைப் பக்கம் பெரியவர்கள் எறும்புதின்னியை (பாங்கோலின்) 'அழுங்கு' என்பார்கள். மலையேறிக் கேரளத்து ஆரியங்காவுக்குப் போனால் அதே விலங்கு 'ஈனாம்பேச்சி'. அமெரிக்கக் கண்டத்து ஆர்மடில்லோவின் படத்தைக் காட்டினாலும் இரு பக்கத்திலும் இந்தப் பெயர்களே வருகின்றன. உடலெங்கும் கவசம் பூண்டு, எறும்பு தின்னும் விலங்கைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? ஆனால் இரண்டும் உறவில்லை; கவசமும் ஒன்றில்லை.

சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு தாத்தா அழுங்கு ஓட்டில் செய்த மோதிரம் அணிந்திருந்தார். தேய்ந்து பழுப்பேறி, கிழவர்களின் கட்டைவிரல் நகம்போல அதில் நெடுக்குவாட்டில் கோடுகள் ஓடின. அது நகம்தான், நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின். (இன்று அந்த ஓட்டை வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும்.) ஆர்மடில்லோவின் கவசத்திலும் மேலே மெல்லிய கெரட்டின் படலம் உண்டு. அதன் கீழே இருப்பது எலும்பு.

அந்த எலும்புத் தகட்டின் பெயர் ஆஸ்டியோடெர்ம். கிரேக்கத்தில் 'ஆஸ்டியான்' எலும்பு, 'டெர்மா' தோல். தமிழில் இதைச் 'செதில்' என்றோ 'ஓடு' என்றோ எழுதுவது அழுங்கோடு சேர்த்துக் குழப்புகிறது. கிரேக்க வரிசையிலேயே 'எலும்புத்தோல்' என்று மாற்றினால் எலும்பைப் போர்த்திய தோல் என்று பொருள் மாறிவிடும். தமிழில் தலைமைச் சொல் கடைசியில் நிற்கும். ஆகவே தோலுக்குள் விளையும் எலும்பு, தோலெலும்பு. அமராவதி அணையில் வெயில் காயும் முதலையின் முதுகு மேடுகளுக்குள் இருப்பதும் இதுதான்.

இது எலும்பு என்று தெரிந்தால்தான் பழைய தகட்டையும் புதிய தகட்டையும் பிரிக்க முடியும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பனியுகத்தில் 'அழகிய ஆர்மடில்லோ' என்ற இனம் வாழ்ந்து அழிந்தது. இன்று அங்கே திரியும் ஒன்பது பட்டை ஆர்மடில்லோ 20ஆம் நூற்றாண்டில் வந்து பரவியது. இரண்டின் தகடுகளும் அச்சில் வார்த்ததுபோல ஒரே வடிவில் இருக்கும்: தோளிலும் இடுப்பிலும் அறுகோணம், நடுப்பட்டைகளில் நீள்சதுரம். பழைய விலங்கு ஏறக்குறைய இரு மடங்கு பெரியது என்பதால் தகடும் பெரியது. ஆனால் பட்டைத் தகட்டைப் பட்டைத் தகட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது எடை. எலும்பின் நுண்துளைகளில் காலப்போக்கில் கனிமம் புகுந்துவிட்டால் தகடு கல்லாய்க் கனக்கும். புதியது உள்ளங்கையில் லேசாகக் கிடக்கும். பழுக்கக் காய்ச்சிய ஊசியை வைத்தால் முடி கருகும் நாற்றம் வரும். கனிமமேறிய தகட்டில் அந்த நாற்றம் எழாது. நிறத்தை நம்பக்கூடாது. இலைச்சாறு ஊறிய ஆற்றுநீர் நேற்றைய எலும்பையும் கருக்கிவிடும்.

கல்லானதற்குத் தனிப்பெயர் தேட வேண்டியதில்லை. ஃபாசில் என்பதன் லத்தீன் மூலத்துக்குத் 'தோண்டி எடுத்தது' என்று பொருள். நம்மிடம் புதைபடிவம் என்ற சொல் இருக்கிறது. புதைபடிவத் தோலெலும்பு என்று எழுதலாம்.