ஒகினோத்தோரிஷிமா: தீவா, பாறையா, பாரா?

ஜப்பானியப் பெயர்தான், பிரித்தால் எளிது. 'ஒகி' என்றால் கரையை விட்டு விலகிய கடல், 'நோ' நம்முடைய 'இன்' மாதிரி ஒரு உருபு, 'தோரி' பறவை, 'ஷிமா' தீவு. ஆக, ஆழ்கடற் பறவைத் தீவு. ஜப்பானில் தோரிஷிமாக்கள் பல இருப்பதால் முன்னால் ஓர் அடை இல்லாமல் முடியாது. மினாமித்தோரிஷிமா என்று இன்னொன்று உண்டு, 'தென் பறவைத் தீவு' என்று பொருள், ஆனால் அதையும் விடத் தெற்கே கிடப்பது ஒகினோத்தோரிதான். ஜப்பானின் தென்கோடி இதுவே, தோக்கியோவிலிருந்து சுமார் 1,740 கி.மீ.

இந்தப் பெயருக்கு வயது அதிகமில்லை. ஸ்பானியர் இதை 'பரேசே வேலா' என்றார்கள், அதாவது 'பாய் போலத் தெரிகிறது'. 1789-இல் டக்ளஸ் என்ற கப்பல் தலைவர் பார்த்துவிட்டுப் போனபிறகு அவர் பெயரும் வரைபடத்தில் ஏறியது. 1931-இல்தான் ஜப்பான் இதைத் தன் நிலமாக அறிவித்து, இப்போதைய பெயரைச் சூட்டி, ஒகசவாரா தீவுக்கூட்டத்தின் நிர்வாகத்தோடு சேர்த்தது. போருக்குப்பின் அமெரிக்கர் கையில் இருந்து 1968-இல் திரும்பியது. ஆளே இல்லாத இடம், இருந்தும் முகவரி தோக்கியோ மாநகரம், ஒகசவாரா கிராமம்!

சரி, அங்கே என்னதான் இருக்கிறது? கிழமேலாக 4.5 கி.மீ., தென்வடலாக 1.7 கி.மீ. நீளும் ஒரு பவள மேடை, அதைச் சுற்றிச் சட்டென்று ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். கடலடி மலைத்தொடர் ஒன்றின் எரிமலை மெல்ல அமிழ, பவள உயிர்கள் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டே வந்ததில் உருவானது இது. கடல் ஏற்றத்தின்போது தலைநீட்டுவது இரண்டே பாறை முண்டுகள்: கித்தாகோஜிமா (வட சிறுதீவு), ஹிகாஷிகோஜிமா (கிழக்குச் சிறுதீவு). இரண்டையும் சேர்த்தாலும் 10 சதுர மீட்டர் தேறாது, ஒரு சின்ன படுக்கையறை அளவுதான். அலை இதையும் தின்றுவிடுமே என்று 1987 முதல் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுமார் 50 மீட்டர் அகலத்துக்கு வட்டமாகக் கான்கிரீட் போட்டார்கள், கிழக்கு முண்டின்மேல் டைட்டானியம் வலையும் மூடியிருக்கிறது.

இவ்வளவு செலவும் பெயரின் கடைசித் துண்டான 'ஷிமா'வைக் காப்பாற்றத்தான். ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 121-ஆம் பிரிவுப்படி, இயற்கையாக உருவாகி, நீர் சூழ்ந்து, ஏற்றத்தின்போதும் மேலே தெரிந்தால் தீவு. ஆனால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, மனிதர் வாழவோ சொந்தமாகப் பொருளாதாரம் நடத்தவோ வழியில்லாத பாறைக்குத் தனிப் பொருளாதாரக் கடல் மண்டலம் (மீன், கனிமம் எடுக்கும் உரிமை அந்த நாட்டுக்கே உள்ள கடற்பரப்பு) கிடையாது என்கிறது. தீவு என்றால் சுற்றி 200 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 4 லட்சம் சதுர கி.மீ. கடல், ஜப்பானின் மொத்த நிலப்பரப்பைவிட அதிகம். பாறை என்றால் வெறும் 12 கடல்மைல். சீனமும் தென்கொரியாவும் பாறை என்றே சொல்கின்றன, சீன எழுத்தில் 'தீவு' என்ற கடைசி எழுத்தையே எடுத்துவிட்டுக் கடலடிப் பாறையைக் குறிக்கும் 'ஜியாவ்' போடுகிறார்கள். ஜப்பான் விடவில்லை, 2007-இல் கலங்கரை விளக்கு வைத்தது, பவளத்தை வளர்த்துக் கொண்டுபோய் நட்டுப் பார்த்தது, இறங்குதுறை கட்டப் போனது. அந்தத் துறை வேலையில் 2014-இல் நடந்த விபத்தில் ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இனி, இதைத் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது? 'தீவு' வடமொழி 'த்வீப'த்திலிருந்து வந்தது என்பார்கள். துருத்தி, அரங்கம், ஆற்றிடைக்குறை எல்லாம் நல்ல சொற்கள்தான், ஆனால் ஆற்றுக்கு நடுவே இருப்பவை, இங்கே ஒட்டாது. மன்னார் வளைகுடா மீனவர்களிடம் 'பார்' இருக்கிறது: நீருக்கடியில் பரந்து கிடக்கும் பாறைத்தளம். தூத்துக்குடிப் பக்கத்துத் தொல்லாயிரம் பார் முத்துக்குளிப்பில் பேர்பெற்றது. ஈழத்தில் பவளக்கல்லை முருகைக்கல் என்பார்கள், எனவே பவளப்பார், முருகைப்பார் இரண்டும் சரி.

அப்புறம், 'ஒகினோத்தோரிஷிமா தீவு' என்று எழுதவேண்டாம், ஷிமாவே தீவுதான். 'ஒகினோத்தோரி பார்' என்று பெயரையே மாற்றினால் சீனத்தின் பக்கம் சாய்ந்ததாகிவிடும். 'ஒகினோத்தோரிஷிமா என்னும் பவளப்பார்' என்று விளக்கமாக எழுதினால் சண்டையில்லை, புவியியல்படி அது மேடைவடிவப் பார் என்பதை ஜப்பானியரே ஒத்துக்கொள்கிறார்கள்.