ஒரு பூதம் எத்தனை சுற்று தாங்கும்?

ஒரே அடியில் செத்துப்போவது யாருக்கும் பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னிசன் தன் நண்பர்களை வைத்து ஒரு புது மாதிரியான மேசை விளையாட்டை நடத்திக்கொண்டிருந்தார். படைகளை நகர்த்துவதற்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு வீரராக மாறி, பாதாள அறைகளுக்குள் இறங்கிப் பூதங்களோடு மோத வேண்டும். மோதலுக்கு அவர் முதலில் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே இருந்த போர் விளையாட்டு விதிகளை. அவற்றின்படி பகடை உருண்டால் ஒன்று வீரர் காலி, இல்லையென்றால் பூதம் காலி. நண்பர்கள் முறையிட்டார்கள். பெயர் வைத்து, ஆசையாக வளர்த்த ஆள் இப்படிப் பொசுக்கென்று போய்விடலாமா?

ஆர்னிசன் இதற்கான விடையைக் கப்பல் போர் விளையாட்டிலிருந்து எடுத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்களை வைத்து ஆடப்படும் விளையாட்டு அது. கப்பல் ஒரே குண்டில் மூழ்காது. குண்டு கவசத்தைத் துளைக்கிறதா என்பது ஒரு கணக்கு, துளைத்தபின் கப்பல் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது வேறொரு கணக்கு. முதலாவது ஆர்மர் கிளாஸ் ஆனது, இரண்டாவது ஹிட் பாயின்ட் ஆனது. 1974இல் கேரி கைகாக்ஸும் ஆர்னிசனும் சேர்ந்து எழுதிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தபோது இந்த இரண்டும் அதற்குள் இருந்தன. இன்று கணினியில் எந்தச் சண்டை விளையாட்டைத் திறந்தாலும் உயிர்க்கோடு ஒன்று தெரிகிறதே, அதற்கும் வேர் இங்கேதான்.

ஆடுபவர்களின் முறையீட்டிலிருந்து பிறந்த கணக்கு என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். பூதத்தை வடிவமைப்பவர் பல்லையும் நகத்தையும் வரைவது கண்ணுக்குத் தெரிகிற வேலை. அந்தப் பூதம் எத்தனை சுற்று நிற்க வேண்டும், அதற்குள் எதிரில் இருப்பவர்களை எந்த முடிவுகள் எடுக்க வைக்க வேண்டும் என்பதுதான் உள்ளே நடக்கிற வேலை. ஆடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அந்த இரண்டாவது வேலையைத்தான் தொடர்ந்து சோதித்துக்கொண்டே இருக்கின்றன.

கோப்ளின் என்ற சின்னப் பூதத்தை எடுத்துக்கொள்வோம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதன் ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பாயின்ட் 7. முதல் நிலைப் போர்வீரர் ஒருவர் வாளை வீசுகிறார் என்றால், 20 முகப் பகடையை உருட்டி வரும் எண்ணோடு 5 கூட்டுவார். கூட்டுத்தொகை 15ஐத் தொட்டால் அடி விழுந்தது. அதாவது பகடையில் 10 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், வாய்ப்பு 55 சதவீதம். அடி விழுந்தால் 8 முகப் பகடையோடு 3 சேர்த்துச் சேதம். கோப்ளின் சாக 7 வேண்டும் என்பதால் பகடையில் 4 வந்தாலே போதும். இரண்டு வாய்ப்புகளையும் பெருக்கினால், ஒரு வீச்சில் கோப்ளின் விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. புதிதாக ஆட வந்தவர் இரண்டு மூன்று முறை வாளை வீசினால் ஒரு வெற்றியைப் பார்த்துவிடுவார். அந்த 7 என்ற எண் 12 ஆக இருந்திருந்தால் முதல் அடியில் கோப்ளின் சாவது அபூர்வமாகியிருக்கும், முதல் சண்டையே சலித்துப்போயிருக்கும்.

சரி, ஒரு கோப்ளின் இப்படி என்றால் நான்கு வந்தால்? ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களில் புதியவர்களை அடிக்கடி திணறடிக்கும் இடம் இதுதான். "சின்னப் பூதங்கள்தானே, ஏன் என் ஆட்கள் மொத்தமாகச் சாகிறார்கள்?" என்று கேட்பார்கள். காரணம் கூட்டலில் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு கோப்ளின் வீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் நான்கு தாக்குதல், அடுத்து மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மொத்தம் பத்து. அதே நான்கு கோப்ளின்களும் ஒவ்வொன்றாகத் தனித்தனி அறையில் எதிர்ப்பட்டிருந்தால் மொத்தமே நான்கு தாக்குதல்தான். சேர்ந்து வந்ததால் மட்டும் ஆபத்து இரண்டரை மடங்கு ஆகிவிட்டது.

இதன் போர்க்கள வடிவத்தை ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1916இல் விமானப் போர் பற்றிய நூலில் எழுதினார். தூரத்திலிருந்து யாரும் யாரையும் சுடலாம் என்ற நிலையில், ஒரு படையின் பலம் அதன் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு உயரும் என்பது அவர் விதி. ஐந்தாம் பதிப்பின் டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் ஒரு பெருக்கல் அட்டவணை இருந்தது: இரண்டு பூதம் என்றால் சண்டையின் கடினத்தை 1.5ஆல் பெருக்கு, மூன்று முதல் ஆறு வரை 2ஆல் பெருக்கு. நம் கூட்டலின்படி இரண்டு பூதத்துக்கு மூன்று தாக்குதல், அதாவது ஒன்றரை மடங்கு. மூன்று பூதத்துக்கு ஆறு, இரு மடங்கு. அட்டவணையின் எண்கள் அப்படியே பொருந்துகின்றன. ஆறு பூதம் வரும்போது நம் கணக்கு மூன்றரை என்கிறது, அட்டவணை இரண்டிலேயே நிற்கிறது. நெருப்புக் கோளம் மாதிரி ஒரே மந்திரத்தில் கூட்டத்தையே சாய்க்கும் வசதி வீரர்களுக்கு இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி நியாயமாகவே படுகிறது.

பூதங்களின் கடினத்தை அளக்கும் அனுபவப் புள்ளிகளில், நான்கு கோப்ளின்கள் இந்தப் பெருக்கலுக்குப் பிறகு 400 புள்ளி. ஓக்ர் என்ற ஒற்றை முரட்டுப் பூதம் 450. ஏறக்குறைய ஒரே எடை. 2024இல் வந்த திருத்தப்பட்ட கையேட்டில் இந்தப் பெருக்கல் எடுக்கப்பட்டுவிட்டது. சண்டை தயாரிக்கும் வேலை அதனால் எளிதானது உண்மைதான். ஆனால் கூட்டத்தின் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் பழைய அட்டவணை கண்முன் காட்டியது, அதை இழந்தது எனக்கு வருத்தமே.

எனக்கு மிகப் பிடித்த பூதம் ட்ரோல். 2014 பதிப்பில் அதற்கு ஹிட் பாயின்ட் 84. ஒவ்வொரு முறையும் தன் முறை தொடங்கும்போது 10 புள்ளி திரும்ப வளர்ந்துவிடும். நெருப்போ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறை வளராது. உங்கள் குழு ஒரு சுற்றுக்குச் சராசரியாக 20 புள்ளி சேதம் தருகிறது என்றால், வளர்ச்சி இல்லாத ட்ரோல் ஐந்து சுற்றில் விழும். வளர்ச்சியோடு கணக்கிட்டால் எட்டு. சேதம் 14 என்றால் ஆறு சுற்று என்பது 19 சுற்றாக நீள்கிறது. 10 என்றால் சண்டை முடியவே முடியாது. குழுவின் பலம் பாதியாகக் குறைந்தால் நேரம் இரண்டு மடங்கு ஆகும் என்று மனம் எதிர்பார்க்கிறது. இங்கே அது முடிவிலியாகிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் யாரோ ஒருவர் "தீப்பந்தம் எங்கே?" என்று கத்துவார். ட்ரோலின் கணக்கு முழுவதும் அந்தக் கேள்வி எழுவதற்காகவே எழுதப்பட்டது.

பூதத்தின் கடின மதிப்பைக் கணக்கிடும்போது அந்த 2014 கையேடு மூன்று சுற்றைத்தான் அளவாகக் கொள்கிறது. ட்ரோல் மாதிரி வளரும் பூதத்துக்கு மூன்று சுற்றின் வளர்ச்சியை ஹிட் பாயின்ட்டோடு சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நெருப்பு கையில் இல்லாத குழுவுக்கு இந்த மதிப்பு உதவாது. பூதத்தின் தாளில் அச்சான கடின மதிப்பு ஒரு சராசரிக் குழுவை மனதில் வைத்தது, எதிரே உட்கார்ந்திருக்கும் குழுவை அல்ல.

டிராகனுக்கு வருவோம். 2014 பதிப்பில் வளர்ந்த சிவப்பு டிராகனின் நெருப்பு மூச்சு 18 அறுமுகப் பகடைகள். சராசரி 63. பகடை கூடக்கூட ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று விழுங்கிவிடும், அதனால் மூன்றில் இரண்டு முறை விடை 56க்கும் 70க்கும் நடுவில்தான் விழும். மூச்சு எவ்வளவு வலிக்கும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். எப்போது வரும் என்பது தெரியாது. ஒருமுறை ஊதியபின், டிராகனின் ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஒரு பகடை உருட்டப்படுகிறது. 5 அல்லது 6 விழுந்தால் மூச்சு மறுபடி தயார். சராசரியாக மூன்று முறை காத்திருக்க வேண்டும். ஆனால் மூன்று முறை உருட்டியும் வராமல் போகும் வாய்ப்பு 30 சதவீதம், அடுத்த முறையே வந்துவிடும் வாய்ப்பு 33. இரண்டு சுற்று வரவில்லையே என்று பயந்தாலும், வரவில்லையே என்று தைரியம் கொண்டாலும் அடுத்த உருட்டலின் வாய்ப்பு மாறாது. "மூன்று சுற்றுக்கு ஒருமுறை" என்று விதி எழுதியிருந்தால் சராசரி அதேதான் இருந்திருக்கும். வீரர்கள் விரல்விட்டு எண்ணி, மூன்றாவது சுற்றில் தூணுக்குப் பின்னால் போய் நின்றிருப்பார்கள்.

தனி டிராகனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு பேருக்கு நான்கு முறை, அதற்கு ஒன்றே ஒன்று. லான்செஸ்டர் கணக்கு இப்போது டிராகனுக்கு எதிராகத் திரும்புகிறது. அதனால்தான் மற்றவர்களின் முறைகளுக்கு இடையே வாலை வீசவும் இறக்கையை அடிக்கவும் அதற்குச் சுற்றுக்கு மூன்று கூடுதல் செயல்கள் தரப்பட்டன.

எண்களைப் பற்றிய கேள்விகள் இப்படி. உடலைப் பற்றிய கேள்விகள் வேறு ரகம், கேட்பவர்களும் விடுவதில்லை. கைகாக்ஸ் வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்று விற்கப்பட்ட மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்றை வாங்கி ஆட்ட மேசையில் வைத்தார். உலோகத்தைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டர் அந்தப் பொம்மைகளில் ஒன்றிலிருந்து வந்தது. ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ஔல்பேரும் அப்படியே. உருவம் முதலில் வந்தது, விளக்கம் பிறகு. அது என்ன தின்னும், எங்கே முட்டையிடும், இரும்பு கிடைக்காத காட்டில் எப்படிப் பிழைக்கும் என்று ஆடுபவர்கள் கேட்கக் கேட்க, 1983இலிருந்து இந்த விளையாட்டுக்கான டிராகன் இதழ் பூதங்களின் சூழலியல் பற்றித் தனிக் கட்டுரைகளே வெளியிட்டது.

டிராகன் எப்படிப் பறக்கிறது? நேர்மையான இயற்பியல் பதில், பறக்காது என்பதுதான். ஒரு விலங்கை அதே வடிவில் இரு மடங்கு நீளமாக்கினால் எடை எட்டு மடங்கு கூடும், இறக்கையின் பரப்போ நான்கு மடங்குதான். ஒவ்வொரு சதுர அடி இறக்கையும் இரு மடங்கு எடையைத் தூக்க வேண்டும். தசையின் வலிமையும் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது என்பதால் அதுவும் பின்தங்கிவிடும். நமக்குத் தெரிந்த மிகப் பெரிய பறக்கும் விலங்குகளில் ஒன்றான, டைனோசர் காலத்துக் கெட்சல்கோட்லஸ் சுமார் 10 மீட்டர் இறக்கை விரிப்பு கொண்டது. அதன் எடை 200 கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு, அதுவும் உள்ளீடற்ற எலும்புகளோடு. செதில் கவசம் போர்த்திய, பல டன் டிராகனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது 1979இலிருந்து ஒரு வேலையாகவே இருந்து வருகிறது. அந்த ஆண்டு டிராகன் இதழில் சேஜ் அட்வைஸ் பகுதி தொடங்கியபோது முதலில் பதில் எழுதியவர் ஜீன் வெல்ஸ். ஐந்தாம் பதிப்பில் அந்தப் பொறுப்பு ஜெரமி க்ராஃபோர்டிடம் இருந்தது. அவரிடம் வந்த கேள்விகளில் ஒன்று: டிராகனின் மூச்சு மந்திரமா, இல்லையா? வேடிக்கைக்காகக் கேட்கப்பட்ட கேள்வி அல்ல. மந்திரம் எதுவும் வேலை செய்யாத வட்டம் ஒன்றை உருவாக்கும் மந்திரம் இந்த விளையாட்டில் உண்டு. மூச்சு மந்திரம் என்றால் வட்டத்துக்குள் நிற்பவர் பிழைத்தார்.

வந்த பதில் அழகானது. அந்த உலகில் மந்திரம் இரண்டு வகை. ஒன்று, அந்த உலகத்தின் இயற்பியலிலேயே ஊறிக் கிடப்பது. டிராகன் பறப்பதும், உயிரோடிருப்பதும் அதனால்தான். மற்றொன்று, மந்திரம் ஓதும்போதோ மந்திரப் பொருளைப் பயன்படுத்தும்போதோ ஒரு இடத்தில் திரட்டப்படும் சக்தி. வட்டம் தடுப்பது இரண்டாவதை மட்டுமே. எது இரண்டாவது வகை என்று பார்க்க ஐந்து சோதனைகள் தரப்பட்டன: மந்திரப் பொருளா, தானே ஒரு மந்திரமா அல்லது விவரிப்பில் குறிப்பிட்ட ஒரு மந்திரத்தின் விளைவை உண்டாக்குகிறதா, மந்திரத் தாக்குதலா, மந்திரம் ஓதும் சக்தியைச் செலவழிக்கிறதா, விவரிப்பிலேயே மந்திரம் என்று எழுதியிருக்கிறதா. ஒன்றுக்காவது ஆம் என்றால் அது மந்திரம். டிராகனின் மூச்சைப் பொறுத்தவரை ஐந்துக்கும் விடை "இல்லை" என்பதுதான். ஆகவே வட்டத்துக்குள் நிற்கும் மந்திரவாதியும் 18 பகடைகளையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். நேரத்தில் விலகிவிட்டால் அதில் பாதி.